வாளிக் குளியலும் வாசனைத் தைலமும்

வாசனைத் தைலங்களைப் பற்றி வருகிற புத்தகங்களில் பெரும்பாலானவை குளியல் தொட்டியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தொட்டி நிறைய வெந்நீர், எட்டுச் சொட்டு லாவெண்டர், பிறகு அரைமணி நேரம் சாய்ந்து கிடக்க வேண்டியது. நம் வீடுகளில் குளியல் என்றால் ஒரு வாளி, ஒரு மக், பத்து நிமிடம். அதற்குள்ளேயே வெளியிலிருந்து யாராவது கதவைத் தட்டிவிடுவார்கள். தொட்டிக்குச் சொன்ன கணக்கை இங்கே அப்படியே போட்டால் கண்தான் எரியும்.

வாசனைத் தைலம் தண்ணீரில் கரையாது. பெரும்பாலானவை மேலே மெல்லிய படலமாக மிதக்கும். வாளியில் ஐந்து சொட்டு விட்டு மக்கை அமிழ்த்தினால், முதலில் மக்குக்குள் போவது அந்த மேல்படலம்தான். அதைத் தலையில் கவிழ்க்கிறோம், அது நெற்றி வழியாக இறங்குகிறது. லாவெண்டர் என்றால் சற்று உறுத்தலோடு போகும். எலுமிச்சைப்புல் தைலமோ பெப்பர்மின்ட்டோ என்றால் சோப்புப் போட்ட முகத்தோடு குழாயைத் தடவித் தேட வேண்டியதுதான். கல்லுப்போடு கலந்து போட்டால் கரைந்துவிடும் என்று ஒரு யோசனை உலவுகிறது. உப்பு கரையும், தைலம் பழையபடி மிதக்கும். போதாததற்குப் பிளாஸ்டிக் வாளி தைலத்தைச் சுவரில் பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்து அதே வாளியில் கைக்குழந்தைக்குத் தண்ணீர் விளாவுவார்கள்.

ஆகவே குளிக்கிற வாளிக்குள் தைலம் விடாதீர்கள். குளியலறையில் அதற்கு வேறு நல்ல இடங்கள் இருக்கின்றன.

முதலில் நாற்றம் எங்கிருந்து வருகிறது?

பாத்ரூமில் நாற்றம் என்று தைலம் வாங்கப் போகிறவர்கள் போகும் முன் கொஞ்சம் மோப்பம் பிடிக்க வேண்டும். தைலம் நாற்றத்தை அகற்றாது, அதன்மேல் இன்னொரு வாசனையைப் போர்த்தும். சாக்கடையும் லாவெண்டரும் சேர்ந்து அடிப்பது சாக்கடை மட்டும் அடிப்பதைவிடக் கொடுமை.

தரையில் தண்ணீர் வடியும் ஜாலிக்குக் கீழே, பிளம்பர்கள் நகானி ட்ராப் என்று சொல்லும் கிண்ணம் இருக்கிறது. அதில் எப்போதும் தண்ணீர் தேங்கி நின்றால்தான் சாக்கடைக் காற்று மேலேறி வராது. விருந்தினர் வந்தால் மட்டும் திறக்கும் பாத்ரூம், கோடையில் பூட்டிக் கிடந்த வீடு, இங்கெல்லாம் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். இரண்டு மக் தண்ணீர் ஊற்றினால் நாற்றம் நின்றுவிடும், செலவே இல்லை. நாள் கணக்கில் ஊருக்குப் போவதாக இருந்தால் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெய் விட்டுவிட்டுப் போங்கள். எண்ணெய் மேலே மூடி நிற்பதால் தண்ணீர் ஆவியாவது மெதுவாகும். வாசனைத் தைலம் இந்த வேலைக்கு உதவாது, அதுவே முதலில் ஆவியாகிப் போய்விடும்.

அதன்பின் ஜாலியைத் தூக்கி முடியையும் சோப்புப் பிசுக்கையும் எடுங்கள். டாய்லெட் கோப்பை தரையோடு சேரும் மஞ்சள் விளிம்பைத் தேயுங்கள். சிறுநீரில் உள்ள யூரியாவைப் பாக்டீரியா சிதைக்கும்போது கிளம்பும் அம்மோனியா அங்கிருந்துதான் வருகிறது. டைல்ஸ் இடுக்கில் படர்ந்த கருப்புப் பூஞ்சைக்கு டீ ட்ரீ தைலம் தெளித்தால் போதும் என்பார்கள். சோதனைச்சாலையில் அது பல பூஞ்சைகளை அடக்குவது உண்மைதான். ஆனால் இடுக்கில் ஊறிப்போன கறையை அது வெளுக்காது, ஈரம் அப்படியே இருந்தால் பூஞ்சை திரும்பவும் வரும். எக்ஸாஸ்ட் ஃபேனைக் குளித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் ஓட விடுவது எந்தத் தைலத்தையும்விட வேலை செய்யும்.

வாஷ்பேசின் ஓட்டையில் போட்டு வைத்திருக்கும் பாச்சை உருண்டைகளையும் எடுத்துவிடுங்கள். அவை பெரும்பாலும் நாப்தலீன். ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ளவர்களுக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, அது ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியது. குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரியவே தெரியாது.

காற்றுக்கு

இதற்கு மின்சாரக் கருவி எதுவும் வேண்டாம். தண்ணீர் தெறிக்கிற இடத்தில் பிளக்கில் செருகும் டிஃப்யூசரை வைப்பதே எனக்கு உடன்பாடில்லை. கார்த்திகைக்கு வாங்கி மிச்சமிருக்கும் மண் அகல் ஒன்று போதும். மெருகு பூசாத சுடுமண் தைலத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். அகலில் சிறு பஞ்சு வைத்து ஐந்தாறு சொட்டு விட்டு, வென்டிலேட்டர் விளிம்பில், சின்னக் கைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். விளக்காயிற்றே என்று கொளுத்திவிடக் கூடாது. யூகலிப்டஸ் தைலம் 50 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். அகலுக்குப் பதிலாகச் சின்னக் கிண்ணத்தில் ஆப்பசோடா போட்டு அதில் சொட்டு விடுவதும் உண்டு. ஈரக் காற்றில் சோடா கட்டிதட்டிப்போகும், அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

எந்தத் தைலம் என்பதைவிட எது எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைப் பார்த்து வாங்குங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு, யூகலிப்டஸ் எல்லாம் வேகமாகப் பறந்துவிடும், காலையில் விட்டது மாலையில் இருக்காது. லாவெண்டரும் எலுமிச்சைப்புல்லும் அதைவிடச் சற்று நிற்கும். வெட்டிவேர்த் தைலம் பிசுபிசுவென்று கெட்டியாக இருக்கும், சொட்டாக விழவே நேரம் பிடிக்கும், ஆனால் நாள் கணக்கில் இருக்கும். மூன்று சொட்டு எலுமிச்சைப்புல்லோடு ஒரு சொட்டு வெட்டிவேர் சேர்த்தால், முன்னது போன பிறகும் அடியில் ஒரு மண்வாசம் தங்கும்.

வெட்டிவேர் என்றதும் ஒன்று. அந்தத் தைலத்தின் விலையில் வேரே கட்டுக் கட்டாகக் கிடைக்கும். கடலூர்ப் பக்கத்துக் கடலோர மணலில் பயிராவது அது, நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். ஒரு கைப்பிடி வேரை நூலால் கட்டி, குளியலறை ஜன்னல் கம்பியில் தொங்கவிடுங்கள். வெந்நீர் ஆவி பட்டால் வாசம் எழும், காய்ந்தால் அடங்கும். மணம் குறையும்போது தண்ணீரில் நனைத்துப் பிழிந்தால் திரும்பவும் கொஞ்சம் வரும். வெறும் வாசனைக்காக மட்டும் இந்த அத்தியாயத்தைப் படிக்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டாலும் குறையில்லை.

சளி பிடித்த காலையில் வெந்நீரில் குளிக்கும்போது யூகலிப்டஸ் வாசம் இதமாக இருக்கும். அதைத் தரையில் சொட்டினால் டைல்ஸ் வழுக்கும். பழைய துணி ஒன்றை மடித்து, நீங்கள் நிற்கும் இடத்துக்கு எதிர்மூலையில் போட்டு, அதில் இரண்டு சொட்டு விட்டு, மேலே அரை மக் வெந்நீர் ஊற்றுங்கள். குளித்து முடிக்கும்வரை அந்த ஆவி போதும். கொதிக்கும் பாத்திரத்தின்மேல் போர்வை போர்த்திக் குனிய வேண்டியதில்லை. வெந்நீர் கவிழ்ந்து வெந்துபோகும் ஆபத்தும் இதில் இல்லை.

ஆவியும் வாசமும் வெளியே போகக் கூடாதென்று வென்டிலேட்டரைச் சாத்துகிறவர்கள் உண்டு. கேஸில் எரியும் ஹீட்டர் குளியலறைக்குள்ளேயே இருந்தால் இது உயிர்போகிற காரியம். காற்றோட்டம் இல்லாத இடத்தில் கேஸ் சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. அதைச் சுவாசித்து ஆட்கள் குளியலறையிலேயே இறந்துபோன செய்திகள் நம் நாட்டில் குளிர்காலந்தோறும் வருகின்றன. அப்படிப்பட்ட ஹீட்டரைப் பாத்ரூமுக்கு வெளியே மாற்றும்வரை ஜன்னலைச் சாத்தும் பேச்சே வேண்டாம்.

கழுவுகிற தண்ணீருக்கு

வெள்ளை ஃபினாயிலைத் தண்ணீரில் ஊற்றியதும் முழுவதும் வெளுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் உள்ள பைன் தைலத்தை நுண்துளிகளாக உடைத்துத் தண்ணீரில் மிதக்கவிடும் சோப்புப் பொருள் அதிலேயே சேர்ந்திருக்கிறது. வீட்டில் செய்யும்போதும் தைலத்துக்கு அந்தத் துணை வேண்டும். ஒரு தேக்கரண்டி திரவ சோப்பில் பத்துச் சொட்டு எலுமிச்சைப்புல் தைலத்தையோ சிட்ரோனெல்லாவையோ விட்டு நன்றாகக் கலக்குங்கள். அதன்பிறகே அரை வாளித் தண்ணீரில் ஊற்றுங்கள். வரிசை மாறி, தண்ணீரில் தைலத்தை விட்டுவிட்டுச் சோப்பை ஊற்றினால் பாதித் தைலம் வாளிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். துடைத்த பிறகு வெறும் தண்ணீர் விட்டு ஒருமுறை அலசுவது கட்டாயம். வயதானவர்கள் புழங்கும் பாத்ரூமில் எண்ணெய்ப் பசை ஒரு துளியும் மிஞ்சக் கூடாது.

ஆசிட் ஊற்றித் தேய்க்கிற நாளில் தைலத்தை ஒதுக்கி வையுங்கள். பிளீச்சிங் பவுடர் போடும் நாளிலும் அப்படியே. பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும் என்பது பலருக்குத் தெரியும். அதோடு வாசனையையும் சேர்த்தால், மூக்கை எச்சரிக்க வேண்டிய நெடி மறைந்துபோகும்.

டாய்லெட்டுக்கு ஒரு சின்ன உபாயம் இருக்கிறது. 100 மி.லி. ஸ்பிரே பாட்டிலில் அரைத் தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவமும் முப்பது சொட்டுத் தைலமும் கலந்து, மீதித் தண்ணீரால் நிரப்புங்கள். உட்காருவதற்கு முன்னால் குலுக்கி, கோப்பைத் தண்ணீரின்மேல் நான்கைந்து முறை அடித்தால், மேலே படியும் வாசனைப் படலம் கீழேயிருந்து கிளம்பும் நாற்றத்தைப் பெருமளவு பிடித்து வைக்கும். வெஸ்டர்ன் டாய்லெட்டில்தான் இது பலிக்கும், ஏனென்றால் அதில்தான் தண்ணீர் தேங்கி நிற்கிறது. இந்தியன் டாய்லெட்டில் மலம் விழுவது உலர்ந்த தளத்தில். அங்கே உட்காரும் முன் ஒரு மக் தண்ணீரால் தளத்தை நனைப்பதும், உடனுக்குடன் ஊற்றுவதும்தான் வழி. தைலம் வீண்.

உடம்புக்கு

தண்ணீரில் கரையாத தைலம் எண்ணெயில் உடனே கரையும். எண்ணெய்க் குளியல் வழக்கமுள்ள வீட்டில், வாசனைத் தைலத்தைத் தோலுக்குக் கொண்டுபோக நல்லெண்ணெயைவிடப் பொருத்தமான வாகனம் கிடைக்காது. தொட்டிக்காரர்கள் காசு கொடுத்து வாங்கும் பாதாம் எண்ணெயெல்லாம் நமக்கு எதற்கு?

கணக்கு இப்படி. ஒரு மில்லிலிட்டர் என்பது ஏறக்குறைய இருபது சொட்டு. 30 மி.லி. நல்லெண்ணெயில், அதாவது இரண்டு மேசைக்கரண்டியில், ஆறு சொட்டு விட்டால் அது 1 சதவீதம். உடம்பு முழுக்கத் தேய்க்க அதற்குமேல் வேண்டாம். மெல்லிய தோலுள்ள முதியவர்களுக்கு மூன்று சொட்டு போதும். மிளகும் சீரகமும் போட்டு எண்ணெயைக் காய்ச்சுகிறவர்கள், அது கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு தைலத்தைச் சேர்க்க வேண்டும். அடுப்பில் இருக்கும்போதே விட்டால் வாசனை சமையலறையோடு போய்விடும். தலைக்கு லாவெண்டரும் உடம்புக்கு வெட்டிவேரும் பொருந்தும். யூகலிப்டஸை முகத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பிறகு வழக்கம்போலச் சீயக்காய்.

முதல் தடவை என்றால், கலந்த எண்ணெயை முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அந்தத் தைலம் உங்களுக்கு ஆகாது. எலுமிச்சைப்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் சிட்ரால். அது தோல் ஒவ்வாமையைத் தூண்டக்கூடிய பொருள். அதைத் தரைக்கும் காற்றுக்கும் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. தோலைப் பிழிந்தெடுத்த சாத்துக்குடி வகைத் தைலங்களில் பெர்கமாட்டும் லைமும் வேறொரு தொல்லை தரும். அவை பட்ட தோலில் வெயில் விழுந்தால் தீக்காயம்போலச் சிவந்து, பிறகு கருத்த தழும்பாக நிற்கும். காலையில் குளித்துவிட்டு வண்டியில் கிளம்புகிறவர்களுக்கு அவை வேண்டவே வேண்டாம்.

பொடுகுக்கு டீ ட்ரீ என்பது வெறும் வாய்மொழி இல்லை. 2002-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், 5 சதவீத டீ ட்ரீ ஷாம்பூ நான்கு வாரத்தில் பொடுகைக் கணிசமாகக் குறைத்தது. ஆனால் 5 சதவீதம் என்றால் 100 மி.லி. ஷாம்பூவில் நூறு சொட்டு. வீட்டில் கையளவாகக் கலக்கும் சங்கதி இல்லை இது. அந்த அளவு தேவைப்பட்டால் தயாரித்து வருவதையே வாங்குங்கள், ஒவ்வாமை வந்தால் எது காரணம் என்றாவது தெரியும். வாசனைக்காக மட்டும் என்றால் 100 மி.லி. ஷாம்பூவுக்கு இருபது சொட்டு. நேரடியாகத் தலையில் சொட்டுவது எந்தத் தைலத்துக்கும் கூடாது.

வாங்கும்போது

ஊட்டிக்குப் போய்வந்தவர்கள் வீட்டில் ஒரு பாட்டில் யூகலிப்டஸ் தைலமாவது இருக்கும். ஆஸ்திரேலிய மரமான அதை 19-ஆம் நூற்றாண்டில் நீலகிரிக்குக் கொண்டுவந்து நட்டது முக்கியமாக விறகுக்காக. இலையைக் காய்ச்சி வடிப்பது பிறகு தொழிலாயிற்று. தரமான தைலத்தில் சினியோல் என்னும் பொருள் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு இருக்கும், மூக்கில் ஏறும் அந்தக் குளிர்ச்சி அதனுடையது. கடையில் அதே அலமாரியில் விண்டர்கிரீன் தைலமும் நிற்கும். அநேகமாக முழுக்க மெத்தில் சாலிசிலேட் என்பதால், மூட்டுவலிக்குத் தேய்க்கிறார்கள். அதில் ஒரு தேக்கரண்டி, 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை இருபதுக்கு மேல் விழுங்கியதற்குச் சமம். இனிப்பு மிட்டாய் வாசனை வேறு. சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தப் பாட்டில் எந்த அறையிலும் இருக்க வேண்டாம் என்பேன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தேய்க்கவும் கூடாது.

பாட்டிலின் மேல் செடியின் தாவரப் பெயர், தொகுதி எண், தயாரித்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடிப் பாட்டில், அதுவும் கருநிறத்தில். வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுக் காயவிட்டால், யூகலிப்டஸ் போன்ற மெல்லிய தைலம் கறையில்லாமல் போய்விட வேண்டும். எண்ணெய் வளையம் நின்றால் சமையல் எண்ணெயோ வேறொன்றோ கலந்திருக்கிறது. வெட்டிவேர், சந்தனம் போன்ற கெட்டித் தைலங்களுக்கு இந்தச் சோதனை ஒத்துவராது. மல்லிகைத் தைலம் நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைத்தால் அது செயற்கை வாசனை. மல்லிகையை ஆவியில் வடிப்பதில்லை, கரைப்பான் கொண்டுதான் சாரத்தை எடுக்கிறார்கள். அதற்குக் குவியல் குவியலாகப் பூ வேண்டும், விலையும் அதற்கேற்ப. செயற்கையானது அகலில் சொட்ட ஒன்றும் மோசமில்லை, தலையில் தேய்க்கும் எண்ணெயில் மட்டும் வேண்டாம்.

யாருக்கு ஆகாது, தவறு நடந்தால் என்ன

கைக்குழந்தை குளிக்கும் நேரத்தில் குளியலறையில் எந்தத் தைலமும் வேண்டாம். சளிக்கு இதமென்று நினைத்துக் குழந்தையின் மூக்கருகே யூகலிப்டஸோ கற்பூரமோ தடவினால், மூச்சுத் திணறலும் வலிப்பும் வரலாம். வலிப்பு நோய் உள்ள பெரியவர்களும் இவ்விரண்டையும் தவிர்க்க வேண்டும். இவற்றைத் தேய்த்தும் முகர்ந்தும் வலிப்பு வந்தவர்களைப் பற்றிப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் தொடர்ந்து எழுதியிருக்கிறார்கள். வலிநிவாரணத் தைலங்களிலும் இவையே இருக்கின்றன என்பதை நோயாளியும் மறந்துவிடுகிறார், கேட்கவேண்டியவரும் மறந்துவிடுகிறார். ஆஸ்துமா உள்ளவருக்கு மூடிய சின்ன அறையில் எந்தக் கடும் வாசனையும் இழுப்பைக் கிளப்பலாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுவிட்டு. பூனை வளர்க்கிறவர்கள் டீ ட்ரீ தைலத்தை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். பூனையின் ஈரலால் இவற்றைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது, அது தன் மயிரை நக்கியே உள்ளே சேர்த்துக்கொள்ளும்.

நீர்க்காத தைலம் கையில் கொட்டி எரிந்தால், முதலில் சமையல் எண்ணெயைத் தடவித் துணியால் துடைத்துவிட்டு, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கால்மணி நேரம் ஓடும் தண்ணீரில் அலசிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். குழந்தை குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்கக் கூடாது. வாந்தியின்போது தைலம் நுரையீரலுக்குள் போனால் நிலைமை இன்னும் மோசமாகும். 108-ஐ அழையுங்கள், பாட்டிலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். குழந்தை நன்றாகத்தானே விளையாடுகிறது என்று காத்திருக்க வேண்டாம், யூகலிப்டஸ் சில மணி நேரம் கழித்தும் வேலையைக் காட்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு, தைலத்தைக் குளியலறை அலமாரியில் வைக்காதீர்கள் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. சூடும் ஈரமும் வெளிச்சமும் சேர்ந்து அதைக் கெடுக்கும். ஆரஞ்சு, டீ ட்ரீ, லாவெண்டர் எல்லாம் காற்றோடு சேர்ந்து மாறிப்போன பிறகுதான் தோலில் ஒவ்வாமையை அதிகம் உண்டாக்குகின்றன. பூட்டுப் போட்ட பீரோவில், மூடியை இறுக்கி, திறந்த தேதியைப் பாட்டிலில் எழுதி வையுங்கள். ரப்பர் குமிழ் உள்ள சொட்டு மூடியோடு வைத்தால் தைலத்தின் ஆவியில் ரப்பர் ஊதிப் பிசுபிசுக்கும், சாதாரண மூடியே மேல். ஆரஞ்சு, டீ ட்ரீ வகைகள் திறந்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டால் எண்ணெய்க் குளியலுக்கு எடுக்காமல், தரை துடைக்கிற தண்ணீரில் கையுறை போட்டுக்கொண்டு தீர்த்துவிடலாம். வெட்டிவேர்த் தைலத்துக்கு அந்த அவசரம் இல்லை, வைக்க வைக்க அதன் மணம் கூடும்.